கூட்டம் இருந்தும் புது ராட்டினம் வராதது ஏன்?

2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கிங்ஸ் ஐலண்ட் என்ற தீம் பார்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த ஆண்டு டயமண்ட்பேக் என்ற புது ரோலர் கோஸ்டர் வரப்போகிறது. உயரம் 230 அடி, வேகம் மணிக்கு 80 மைல், செலவு 2.2 கோடி டாலர். அறிவித்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அதற்கு அடுத்த சில மாதங்களில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே பயந்தன, லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

டயமண்ட்பேக் நின்றுபோயிற்றா என்றால், இல்லை. சொன்னபடியே 2009 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கு, ஊரெல்லாம் மந்தம், இந்தப் பூங்காவை மட்டும் அது தொடவில்லை என்றே தோன்றியிருக்கும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பொருளாதார மந்தம் தீம் பார்க்கைத் தொடும்போது முதலில் தெரிவது காலியான வாசல் அல்ல. பல இடங்களில் கூட்டம் ஓரளவு அப்படியேதான் இருக்கும். காணாமல் போவது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வந்திருக்க வேண்டிய ராட்டினம். வராத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை என்பதால் இந்த வெட்டு வெளியே தெரிவதே இல்லை. மந்தத்தில் முதலீடு ஏன் முதலில் வெட்டுப்படுகிறது, அதை வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் பிறகு என்ன ஆனது என்பதை 2008, 2009 கதையை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. தீவுத்திடல் பொருட்காட்சிக்கு வரும் ராட்டினக்காரர் ஓர் ஊரில் வியாபாரம் படுத்தால் நட்டு போல்ட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடலாம். தீம் பார்க்கால் அது முடியாது. நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம், தரைக்கடியில் குழாயும் கேபிளும், கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புத் தூண்கள், ராட்டினத்தை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள், தினமும் காலையில் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் மெக்கானிக்குகள். நூறு பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி மாறாது. கூட்டம் குறைவு என்பதற்காக ரோலர் கோஸ்டரின் பிரேக்கைப் பாதி மட்டும் சோதிக்க முடியுமா?

இதற்குப் பெயர் நிலைச் செலவு. அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க ஒரு கற்பனைப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

நம் பூங்காவின் ஆண்டு வருமானம் 100 கோடி ரூபாய். செலவு 75 கோடி. அதில் 65 கோடி நிலைச் செலவு; மீதி 10 கோடி, ஐஸ்கிரீம், டிஷ்யூ பேப்பர், தற்காலிக ஆட்கள் என்று கூட்டத்தோடு ஏறி இறங்கும் செலவு. ஆக 25 கோடி மிச்சம். இப்போது மந்தம் வந்து வருமானம் வெறும் பத்து சதவீதம் குறைகிறது. 90 கோடி. கூட்டத்தோடு மாறும் செலவு 9 கோடியாகிறது, நிலைச் செலவு அசையவில்லை. மிச்சம் 16 கோடி. வருமானம் பத்து சதவீதம் இறங்கியதற்கு லாபம் முப்பத்தாறு சதவீதம் இறங்கிவிட்டது!

கணக்கு இத்தோடு முடியவில்லை. இந்தப் பூங்காவுக்கு 120 கோடி கடன் இருக்கிறது, பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 கோடி வட்டி. நல்ல ஆண்டில் வட்டி போக 13 கோடி கையில் நின்றது. அதில் 8 கோடிக்கு ஒரு புது ராட்டினம் வாங்கிவிட்டு மீதியை முதலாளிகள் பிரித்துக்கொள்ளலாம். மந்த ஆண்டில் வட்டி போக நிற்பது 4 கோடி. ராட்டினம் போச்சு. வாசலில் பத்தில் ஒன்பது பேர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் புதிதாக ஒன்றும் வாங்க முடியவில்லை.

இது கற்பனைதானே என்று நினைப்பவர்களுக்கு டிஸ்னியின் கணக்கு. அந்த நிறுவனத்தின் பூங்கா, ரிசார்ட் பிரிவு 2008 நிதியாண்டில் சுமார் 1,150 கோடி டாலர் வருமானம் பார்த்தது. 2009-ல் அது சுமார் 1,067 கோடியானது. ஏழு சதவீதம்தான் சரிவு. நடைமுறை லாபமோ, அதாவது வட்டியும் வரியும் கழிப்பதற்கு முன் நிற்பது, 190 கோடியிலிருந்து 142 கோடிக்கு இறங்கியது. நான்கில் ஒரு பங்கு காலி. இத்தனைக்கும் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் அந்த ஆண்டும் சுமார் 1.7 கோடிப் பேர் நுழைந்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தக்கவைத்தது தள்ளுபடி. நான்கு இரவுக்குப் பணம் கட்டினால் இன்னும் மூன்று இரவு இலவசம், பிறந்தநாளன்று நுழைவு இலவசம் என்று டிஸ்னியே இறங்கி வந்தது. வந்தவர்கள் ஓட்டலுக்கும் பொம்மைக்கும் முன்பு போலச் செலவழிக்கவில்லை. 2009 தொடக்கத்தில் அமெரிக்கப் பூங்காக்களில் ஏறத்தாழ 1,900 பணியிடங்கள் நீக்கப்பட்டன.

வெட்டு எங்கே விழும்?

பணம் குறைந்தால் பூங்கா நிர்வாகம் எதை வெட்டும்? பூங்காக்கள் மூலதனமாகப் போடும் பணத்தில் ஒரு பகுதி இருப்பதைக் காப்பாற்றுவதற்கானது: தண்டவாளம் மாற்றுவது, பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியது பொருத்துவது, கழிப்பறை புதுப்பிப்பது. இன்னொரு பகுதி வளர்வதற்கானது: புது ரோலர் கோஸ்டர், புது தண்ணீர்ப் பூங்கா, புது ஓட்டல். முதல் பகுதியில் கைவைத்தால் விபத்து நடக்கும், உரிமம் போகும். அதனால் வெட்டு ஏறத்தாழ முழுவதும் இரண்டாவது பகுதியின் மேல் விழுகிறது. சம்பளத்தை வெட்டினால் சண்டை வரும், விளக்கை அணைத்தால் வாடிக்கையாளர் திட்டுவார். இன்னும் பிறக்காத ராட்டினத்தை வெட்டினால் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள்.

இதில் கால இடைவெளி ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரிய ரோலர் கோஸ்டர் கடையில் எடுத்துவரும் சரக்கு இல்லை. டயமண்ட்பேக்கை வடிவமைத்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் நிறுவனம். இப்படிப்பட்ட ஒன்றுக்கு நிலத்தை அளந்து, வரைந்து, தயாரிப்பாளரிடம் வரிசையில் இடம்பிடித்து, முன்பணம் கட்டி, இரும்பு வார்த்து, கொண்டுவந்து நட்டு, சோதித்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். 2009-ல் திறந்தவையெல்லாம் 2007-லோ 2008-ன் தொடக்கத்திலோ முடிவானவை. பணம் பாதிக்குமேல் கட்டியாகிவிட்டது, நிறுத்தினால்தான் நஷ்டம். அதனால்தான் டயமண்ட்பேக் மந்தத்தின் நடுவில் ஜம்மென்று வந்து நின்றது. 2009-ல் பேனாவை மூடி வைத்ததன் விளைவு 2011-ல்தான் வாசலில் தெரியும். அதற்குள் பத்திரிகைகள் மந்தம் முடிந்துவிட்டது என்று எழுதத் தொடங்கியிருக்கும்.

கிங்ஸ் ஐலண்ட் அப்போது சீடார் ஃபேர் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2006-ல் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து பாரமவுண்ட் பூங்காக்களை 124 கோடி டாலருக்கு வாங்கியபோது கிங்ஸ் ஐலண்டும் சேர்ந்து வந்தது. பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கியவை. மந்தத்தில் அதன் எல்லாப் பூங்காக்களுக்கும் வந்தவர்கள் 2008-ல் சுமார் 2 கோடியே 27 லட்சம் பேர்; 2009-ல் சுமார் 2 கோடியே 11 லட்சம். பாருங்கள், பெருங்கூட்டம்தான். ஆனாலும் அது தன் பங்குதாரர்களுக்குத் தரும் வழக்கமான பணத்தை நிறுத்தி, அதைக் கடனை அடைக்கத் திருப்பியது. 2009 டிசம்பரில் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கைமாற்றிவிட ஒப்பந்தம்கூடப் போட்டது. விலை மலிவு என்று பங்குதாரர்கள் கொடிபிடித்ததால் 2010 ஏப்ரலில் அது ரத்தானது.

வட்டி கட்டுவது மட்டும் போதாது

கடன் என்றால் மாதாமாதம் வட்டி கட்டினால் முடிந்தது என்று நாம் நினைப்போம். நிறுவனக் கடன் அப்படி இல்லை. கடன் பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். நம் கற்பனைப் பூங்காவுக்கு வங்கி இப்படிச் சொல்லியிருக்கிறது என்று வையுங்கள்: உன் மொத்தக் கடன் உன் ஆண்டு லாபத்தைப்போல் ஆறு மடங்கைத் தாண்டக்கூடாது. நல்ல ஆண்டில் கடன் 120, லாபம் 25. ஐந்து மடங்குக்கும் குறைவு, பிரச்சினை இல்லை. மந்த ஆண்டில் லாபம் 16. கடன் அதே 120. ஏழரை மடங்கு! புதிதாக ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை, ஒரு மாத வட்டிகூடத் தவறவில்லை, ஆனாலும் நிபந்தனை உடைந்துவிட்டது. இப்போது வங்கி வட்டியை ஏற்றலாம், கடனைத் திருப்பிக் கேட்கலாம், புதுச் செலவுக்குத் தடை போடலாம். ஏழரை என்றதும் சனி ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

1961-ல் டெக்சாஸில் ஒரே ஒரு பூங்காவோடு தொடங்கிய பெயர் அது. 1998-ல் பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனம் டைம் வார்னரிடமிருந்து சுமார் 186 கோடி டாலருக்கு அந்தச் சங்கிலியை வாங்கி, அந்தப் பெயரையே தானும் சூடிக்கொண்டது. அப்புறம் வாங்கு வாங்கென்று வாங்கியது. ஐரோப்பாவில் பூங்காக்கள், ஒஹாயோவில் பூங்கா. எல்லாவற்றுக்கும் கடன். சில ஆண்டுகளிலேயே விற்க வேண்டிய நிலை. ஐரோப்பியப் பூங்காக்கள் 2004-ல் போயின. 2007-ல் ஏழு பூங்காக்களைச் சேர்த்து 31.2 கோடி டாலருக்குக் கொடுத்தது.

இடையில் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் கதை. பூங்காவைவிட அது நிற்கும் நிலத்துக்கு விலை அதிகம் என்று கணக்குப் போட்டு 2005-ல் அதை மூடினார்கள். இடித்து முடித்து நிலத்தை விற்றபோது கிடைத்தது 7.7 கோடி டாலர். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைவு. ராட்டினமும் போயிற்று, நினைத்த பணமும் வரவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது எடுக்கும் முடிவுகள் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நிதானமாக யோசிக்கும் முதலாளி அந்த நிலத்தை அந்த நேரத்தில் அப்படி விற்றிருக்கமாட்டார்.

2009 ஜூன் 13 அன்று சிக்ஸ் ஃபிளாக்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது கடன் சுமார் 240 கோடி டாலர். இங்கே கவனிக்க வேண்டியது, திவால் மனுவுக்காகப் பூங்காக்கள் ஒருநாள்கூட மூடவில்லை. ஜூன் மாதம், பள்ளி விடுமுறை, வரிசையில் மக்கள், மேலே சத்தம்போட்டுக்கொண்டு போகும் ரோலர் கோஸ்டர்கள். அவர்களை வீழ்த்தியது அந்த வாரத்து டிக்கெட் விற்பனை அல்ல. ஒரு வகை முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கு (சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்னால் பணம் பெறுபவர்கள்) 2009 ஆகஸ்டில் 30 கோடி டாலருக்குமேல் திருப்பித் தர வேண்டியிருந்தது. நல்ல காலமாக இருந்தால் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்திருப்பார்கள். எல்லா நிறுவனமும் செய்வதுதான். லேமன் விழுந்த பிறகு புதுக் கடன் தர ஆளில்லை. போதாததற்கு அந்த ஆண்டு பன்றிக் காய்ச்சல் பயத்தில் மெக்சிகோ பூங்கா சில நாள் அடைத்துக் கிடந்தது.

அமெரிக்கத் திவால் சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. 11-ஆம் அத்தியாயம் என்பது கடையைத் திறந்துவைத்துக்கொண்டே கடன்காரர்களோடு பேசி முடிப்பது. 7-ஆம் அத்தியாயம் என்பது கடையை மூடி, இருப்பதை விற்று, கிடைத்ததைப் பிரித்துக் கொடுப்பது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் முதல் வாசலில் நுழைந்து, 2010 மே மாதத்தில் கடன் குறைந்து, கடன் பத்திரம் வைத்திருந்தவர்களே முதலாளிகளாக மாறிய நிலையில் வெளியே வந்தது.

இடையில் பலியானது கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்துப் பூங்கா. நிலம் மாநிலப் பொருட்காட்சி வாரியத்துக்குச் சொந்தம், சிக்ஸ் ஃபிளாக்ஸ் குத்தகைக்காரர். திவால் நடவடிக்கையில் இருக்கும் நிறுவனம் கட்டுப்படியாகாத குத்தகையை உதறிவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2010 பிப்ரவரியில் உதறிவிட்டார்கள். பூங்கா அடைத்துக் கிடந்தது. நான்கு கோடைகள் கழித்து, வேறு உரிமையாளர்கள் வந்து 2014-ல் திறந்தார்கள்.

அந்தப் பூங்காவில் 1997-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது சாங் என்ற ரோலர் கோஸ்டர். நின்றுகொண்டே போகும் வகை. மூடுவதற்கு முன்பே, 2009-ல், அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். 2011-ல் நியூ ஜெர்சியில் இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸின் இன்னொரு பூங்காவில் அது பச்சை வண்ணம் பூசிக்கொண்டு, கிரீன் லேன்டர்ன் என்று புதுப்பெயரோடு, அந்த ஆண்டின் புது ரோலர் கோஸ்டராக அறிமுகமானது. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு ஆல்டர் பண்ணிப் போடுவது போலத்தான். மந்தக் காலத்தில் பூங்காக்கள் செய்யும் சிக்கனத்தில் இது எனக்குப் பிடித்தது. பழையதுக்கு வண்ணம் அடித்துப் பெயர் மாற்றுவது, ஒரு பூங்காவில் அலுத்துப்போனதை இன்னொன்றுக்கு மாற்றுவது, இரும்பில் பணம் போடாமல் ஹாலோவீன் இரவுகள் போன்ற விழாக்களால் கூட்டம் சேர்ப்பது. இதெல்லாமே முதலீடு குறைந்ததன் அடையாளம். விளம்பரத்தில் மட்டும் "புதுசு" என்றுதான் இருக்கும்.

பிறந்த வேளை சரியில்லாத பூங்கா

ஏற்கெனவே இருக்கும் பூங்கா மந்தத்தைத் தாண்டிவிடலாம். புதிதாகத் திறப்பதற்கு அந்தத் தெம்பு கிடையாது. தென் கரோலினாவின் மிர்டில் பீச்சில் சுமார் 40 கோடி டாலரில் கட்டிய ஹார்ட் ராக் பார்க், 2008 ஏப்ரலில் வாசலைத் திறந்தது. ராக் இசையே கருப்பொருள். லெட் செப்பெலின் குழுவின் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர். ஆனால் மக்கள் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர வேண்டிய கடற்கரை ஊர் அது. அந்த ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டி அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. செப்டம்பரில், ஒரே ஒரு கோடை முடிந்த கையோடு, திவால். முதலில் 11-ஆம் அத்தியாயம். வாங்க ஆள் கிடைக்காமல் 2009 ஜனவரியில் 7-ஆம் அத்தியாயம். 40 கோடியில் கட்டியது 2.5 கோடிக்குப் போயிற்று. வாங்கியவர்கள் ஃப்ரீஸ்டைல் மியூசிக் பார்க் என்று பெயர் மாற்றி 2009-ல் திறந்தார்கள். அதுவும் ஒரு கோடைதான்.

புதுப் பூங்காவிடம் மூன்று விஷயங்கள் இருக்காது: சீசன் பாஸ் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர், அடைத்து முடித்த கடன், கடந்த ஆண்டுகளின் சேமிப்பு. முதல் கோடையே அதற்குப் பரீட்சை.

கட்டி முடிப்பதற்குள்ளேயே மாட்டிக்கொண்டவை இன்னும் பரிதாபம். துபாய்க்குப் போன நம் ஆட்கள் பலர் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். 2003-ல் துபாய்லேண்ட் என்று பாலைவனத்தில் மாபெரும் பொழுதுபோக்கு நகரம் அறிவித்தார்கள். 2007-ல் அதற்குள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா, 220 கோடி டாலர் திட்டம் என்றார்கள். 2008-ல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பெயரிலும் ஒன்று. யுனிவர்சலின் பெரிய நுழைவாயில் வளைவு முதலில் எழுந்தது. பிறகு ரியல் எஸ்டேட் சரிந்தது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் என்ற அரசு நிறுவனம் கடன் திருப்பித் தர அவகாசம் கேட்டபோது உலகச் சந்தைகளே ஆடின. பூங்கா வரவில்லை. பின்னால் ஒன்றும் இல்லாமல், மணலுக்கு நடுவே வளைவு மட்டும் பல ஆண்டுகள் நின்றது.

அமெரிக்க நிறுவனத்தின் பூங்கா துபாயில் ஏன் நின்றுபோக வேண்டும் என்று கேட்கலாம். பெயர் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது, அதனால்தான். யுனிவர்சல் தன் பெயரையும் வடிவமைப்பையும் வாடகைக்குக் கொடுப்பது போலக் கொடுக்கும். கட்டுவது உள்ளூர்க் கூட்டாளி. துபாயில் அது அரச குடும்ப முதலீட்டுக் குழுமத்தைச் சேர்ந்த டத்வீர். அவர்களிடம் பணம் வற்றியதும் வளைவோடு நின்றது. அதே ஆண்டுகளில் அதே பெயரில் சிங்கப்பூரின் செந்தோசாவில் எழுந்த பூங்காவை யோசித்துப் பாருங்கள். அங்கே கூட்டாளி ஜென்டிங் குழுமம். சூதாட்ட விடுதி உரிமத்தோடு சேர்த்து 2006 டிசம்பரிலேயே ஒப்பந்தம் கிடைத்தது. ரிசார்ட்டைக் கட்டிக் கொடுப்பதாக அரசுக்குக் கொடுத்த வாக்கு ஒருபக்கம், விடுதி திறந்தால் கொட்டப்போகும் பணம் மறுபக்கம். மந்தம் வந்தும் கட்டினார்கள். 2010 மார்ச்சில் திறந்தது. ஒரே பெயர், ஒரே மந்தம். கூட்டாளியின் பெட்டியில் என்ன இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

வெட்டாதவர்கள் பார்த்தது

இப்போது எதிர்ப்பக்கம். மந்தத்தில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கட்டினால்?

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவை அப்போது பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனமும் என்பிசி யுனிவர்சல் என்ற ஊடக நிறுவனமும் பாதிப்பாதியாக வைத்திருந்தன. 2007 மே மாதம், மந்தம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஹாரி பாட்டர் கதை உலகத்தை அங்கே கட்டப்போவதாக அறிவித்தார்கள். மந்தம் வந்தது. 2009-ல் அந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 46 லட்சம். பலர் இந்த நிலையில் திட்டத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். தள்ளவில்லை. 2010 ஜூன் 18 அன்று திறந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் 59 லட்சம். அதற்கடுத்த ஆண்டு 76 லட்சத்துக்கும் மேல். மந்திரக்கோல், அங்கி, கதையில் வரும் பட்டர்பியர் பானம் என்று டிக்கெட்டுக்கு வெளியே கொட்டிய பணம் தனி.

அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில். எட்டு மாதம் கழித்து அந்த வாசலில் மணிக்கணக்கில் வரிசை. மக்களிடம் பணமே இல்லை என்பதல்ல மந்தம். இருக்கும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஒன்றுக்கு இரண்டுமுறை யோசிப்பார்கள். ஆண்டுக்கு மூன்று சுற்றுலா போன குடும்பம் ஒன்றுதான் போகும். அந்த ஒன்று எது என்ற போட்டியில், புதிதாக எதுவும் இல்லாத பூங்கா தோற்கிறது.

டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் இதே வகை. 2001-ல் அரைகுறையாகத் திறந்து பெயர் கெட்டுப்போன பூங்கா. 2007 அக்டோபரில் 110 கோடி டாலர் போட்டுத் திருத்தி எழுதுவதாக அறிவித்தார்கள். லாபம் நான்கில் ஒரு பங்கு சரிந்த ஆண்டிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 2012 ஜூனில் கடைசிப் பகுதி திறந்தபோது, ஆண்டுக்கு 63 லட்சமாக இருந்த கூட்டம் சுமார் 78 லட்சமானது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மந்தத்தில் துணிந்து கட்டுபவனே ஜெயிப்பான் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹார்ட் ராக் பார்க்கும் துணிந்து கட்டியதுதான். டிஸ்னிக்குத் தொலைக்காட்சியும் சினிமாவும் சோறு போட்டுக்கொண்டிருந்தன. பூங்கா படுத்தாலும் வீடு ஓடும். ஹாரி பாட்டருக்கு உலகம் முழுக்க வாசகர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். துணிச்சலுக்கும் பின்னால் ஒரு பெட்டி தேவைப்படுகிறது.

நடுவழியும் உண்டு: நிறுத்திவிட்டுத் திரும்ப எடுப்பது. ஆர்லாண்டோவில் எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பூங்காவை யுனிவர்சல் 2019 ஆகஸ்டில் அறிவித்தது. 2020 ஜூலையில், கொரோனாவின் நடுவே, வேலையை நிறுத்தியது. 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கி 2025 மே 22 அன்று திறந்தது. நிறுத்திவைத்தது எட்டு மாதம்தான். ஒப்பந்தக்காரர்களைக் கலைப்பது, மறுபடி கூட்டுவது, அதற்குள் ஏறிய விலை என்று நிறுத்துவதற்கும் செலவு உண்டு. அதை எழுதும் பத்திரிகைகள் குறைவு.

சரி, நம் பழைய ஆட்கள் என்ன ஆனார்கள்? திவாலிலிருந்து மீண்ட சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது: வருமானத்தில் சுமார் 9 சதவீதத்தை மூலதனச் செலவுக்கு ஒதுக்குவது, ஒவ்வொரு பூங்காவிலும் ஆண்டுதோறும் ஏதாவது புதிதாக வைப்பது. மிக உயரமாக ஒன்று, மிகச் சிக்கனமாக நாலு என்று சில ஆண்டுகள் நன்றாகவே போயிற்று. 2024 ஜூலை 1 அன்று அதுவும் சீடார் ஃபேரும் ஒரே நிறுவனமாயின. டயமண்ட்பேக்கைக் கட்டியவர்களும் சாங்கைக் கழற்றியவர்களும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே. சேர்ந்த நிறுவனத்தின் கடன் சுமார் 500 கோடி டாலர்.

அந்த நவம்பரிலேயே நியூ ஜெர்சி பூங்காவில் சில ராட்டினங்களை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். பட்டியலில் கிரீன் லேன்டர்னும் இருந்தது. 2025 மே மாதம், வாஷிங்டன் அருகே மேரிலாந்தில் இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா பூங்காவை மூடி நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று அங்கே கடைசி ராட்டினம் சுற்றி நின்றது. இந்தமுறை நாட்டில் மந்தம்கூட இல்லை.